பூநகரிக் கரையில் கப்பாபைக்கஸ் பாசி: இன்னும் முப்பது தெப்பம் போடலாமா?

இரணைக்கரை எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் பூநகரிப் பக்கம், மேற்குக் கரை. கடற்பாசி வளர்த்து மூண்டு வருசமாகுது. பத்தடிக்குப் பத்தடி மூங்கில் தெப்பம், குறுக்கே இருபது கயிறு, சாணுக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு சின்னக் கைப்பிடி விதைப்பாசி. 45 நாளில வெட்டலாம். இப்ப முப்பது தெப்பம் இருக்கு. வாங்குற கம்பனிக்காரர் இன்னும் முப்பது போடச் சொல்லினம், கயிறும் விதையும் தாங்களே தருவினமாம்.

இவர் இல்லாத வீடு, இரண்டு பிள்ளையள். இந்தப் பாசிக்காசில்தான் மூத்தவளை ஏ.எல். வரைக்கும் கொண்டு வந்தனான். எண்டாலும் பெரியப்பா போன கிழமை முற்றத்தில நிண்டு ஒரு கதை சொல்லிப்போட்டுப் போனார்: "உந்தப் பாசி எங்கட கடலில பிறந்ததில்லை. ஒருநாள் உன்ர கயிற்றை விட்டு இறங்கிக் கடலடிக் கல்லுப்பாரில ஏறும். அண்டைக்கு நீ என்ன செய்வாய்?"

எனக்குப் பதில் தெரியேல்லை. இரண்டு இரவு நித்திரை இல்லை. இதைப் பற்றி உண்மையாத் தெரிஞ்சவை எழுதுங்கோ. பயப்படுத்துறதுக்கும் வேண்டாம், ஆறுதலுக்கும் வேண்டாம்.

களங்கண்டி எழுதியது:

பிள்ளை, உங்கட பெரியப்பா சொன்னது சரி. நானும் களங்கண்டி (கடலில கம்பு நட்டுக் கட்டுற வலை) கட்டித் தொழில் செய்யிறவன், முப்பத்தைஞ்சு வருசம்.

எங்கட பரவைக் கடல் முழங்கால், இடுப்பளவுத் தண்ணி. அதுக்குள்ளதான் எல்லாரும் சீவிக்க வேணும். கடலட்டைப் பண்ணைக்காரர் வேலி அடிச்சிட்டினம். பாசித் தெப்பம் ஒரு பக்கம். அந்தப் பக்கம் இந்திய இழுவைப் படகு வந்து அடியோட வழிச்சுக்கொண்டு போகுது. நண்டு பிடிக்கிற பொம்பிளையள் முந்தி நடந்து போன இடத்தில இப்ப கம்பும் கயிறும். சோளகக் காற்று கிளம்பினால் தெப்பம் அறுந்து வந்து என்ர வலையில சிக்குது. போன வருசம் ஒரே இரவில நாலு தெப்பம். வலையைக் கழட்ட ஒரு பகல் போச்சு, கிழிஞ்சதைப் பொத்த மூண்டு நாள். அந்த நாலு நாள் உழைப்புக்கு யாரிட்டப் போறது?

இதைக் கோபத்தில எழுதேல்லை. உங்களுக்கும் பிள்ளையள், எனக்கும் பிள்ளையள்.

பாம்பன்காரன் எழுதியது:

அக்கா, நான் ராமேஸ்வரம் தீவு. நீங்க பயப்படுற கதை எங்க பக்கத்துல நடந்த கதை, அதனால எழுதுறேன்.

இந்தப் பாசி பிலிப்பைன்ஸ் கடல்ல உள்ளது. 1984ல ஜப்பான்ல இருந்து குஜராத்துக்கு ஆராய்ச்சிக்காகக் கொண்டு வந்தாங்க. தொண்ணூறுகள் நடுவுல மண்டபம் ஊர்க் கடல்ல வச்சுப் பார்த்தாங்க. 2000க்குப் பிறகு வியாபாரமா வந்துச்சு. பெப்சி கம்பெனி வளர்த்ததால இன்னிக்கும் எங்க ஊர்ல இதுக்குப் பேரே பெப்சிப் பாசிதான். எங்க அம்மா அப்ப மகளிர் குழுவுல இருந்தாங்க. முன்னாடி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி எடுக்கத் தீவுக்குப் போய் முங்கிக் கையெல்லாம் கிழிச்சுக்கிட்டு வருவாங்க. இது வந்த பிறகுதான் கரையிலயே நின்னு சம்பாதிச்சாங்க. அதையும் சொல்லணும்.

ஆனா 2008ல குருசடைத் தீவுல பவளப்பாறை மேல இந்தப் பாசி ஏறிட்டதா ஆராய்ச்சியாளருங்க எழுதினாங்க. கொம்புக் கொம்பா வளருமே, அந்தப் பவளத்து மேல. நான் சின்னப் பையனா அங்கே முங்கிப் பார்த்திருக்கேன். பச்சையும் பழுப்புமா, ரப்பர் குழாய் மாதிரி தடியா, பவளத்தைப் போர்த்திக்கிட்டுக் கிடக்கும். கையால பிச்சா மேல உள்ளது வந்துடும், அடியில உள்ளது பவளத்தோட பொந்துக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்கும். போர்வையைத் தூக்கினா கீழே வெளுத்த எலும்பு. வெளிச்சமே இல்லாமச் செத்துப் போன பவளம். பின்னால பூமரிச்சான், முள்ளி, சிங்கிள் தீவுகள் பக்கமும் பார்த்ததாச் சொன்னாங்க. இத்தனைக்கும் அது 1986லயே தேசியப் பூங்காவா அறிவிச்ச 21 தீவுல சேர்ந்தது. தமிழ்நாடு அரசு 2005 டிசம்பர்லயே ஆணை போட்டுச்சு, பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கணும்னு. ஆணை வந்தப்ப விதை ஏற்கெனவே கடல்ல இருந்துச்சு.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டர்தான். உங்க கடலும் எங்க கடலும் ஒண்ணு.

நெய்தல்மாணவி எழுதியது:

இரணைக்கரை அக்கா, நான் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கிறேன், சொந்த இடம் மன்னார். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாசி பெரும்பாலும் விதையாலோ வித்தியாலோ பரவுவதில்லை, துண்டால் பரவும். நீங்கள் வெட்டும்போது கை தவறி விழும் விரல்நீளத் துண்டும், காற்றில் முறிந்து போகும் கிளையும்தான் அதன் விதை. மணலில் விழுந்தால் பெரும்பாலும் உருண்டு கரையொதுங்கிக் காய்ந்துவிடும். கல்லுப்பாரில், பவளப் பொந்தில் போய்ச் சிக்கினால் பிடித்துக்கொள்ளும். ஆகையால் எத்தனை தெப்பம் என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். தெப்பம் எதற்கு மேலே நிற்கிறது? உடைந்த துண்டுக்கு யார் பொறுப்பு?

ஓரா, ஒட்டி, கிளிமீன் போன்ற மீன்கள் தின்றுவிடும், அதனால் பரவாது என்ற வாதம் முன்பு இருந்தது. ஓரா தின்பது உண்மைதான், உங்கள் கயிற்றிலேயே நுனி கொறித்த அடையாளம் பார்த்திருப்பீர்கள். ஆனால் இழுவை மடியும் தங்கூசி (ஒற்றையிழை நைலோன்) வலையும் அந்த மீனையே குறைத்துவிட்ட கடலில் அந்த வாதத்தை நம்பி இருக்க முடியாது.

ஹவாயில் 1970களில் இதே இனத்தைக் கனெயோஹே குடாவில் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ப்பு நின்றது, பாசி நிற்கவில்லை. பவளத்தின் மேல் ஏறியது. கையால் அகற்றிய இடத்தில் சில மாதங்களில் திரும்ப முளைத்தது. பிறகு பெரிய உறிஞ்சு குழாய் பூட்டிய மிதவையைக் கொண்டுவந்து, சுழியோடிகள் பாசியைப் பிடுங்கிக் குழாய்க்குள் விட்டார்கள். மிச்சத்தைத் தின்ன உள்ளூர்க் கடல்முள்ளிகளைக் குஞ்சு பொரிக்க வைத்துக் கடலில் விட்டார்கள். அப்படித்தான் கட்டுக்குள் வந்தது. அமெரிக்காவின் காசு இருந்ததால் முடிந்த வேலை அது.

இன்னொன்று, வேறு இனம். மத்தியதரைக் கடலில் 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே காலர்ப்பா என்ற பச்சைப் பாசி ஒரு சதுர மீட்டர் அளவில் கண்டார்கள். யாரும் பிடுங்கவில்லை. 2000 முடிவில் ஆறு நாடுகளில் 131 சதுர கிலோமீட்டர். (பிற்காலத்தில் பல இடங்களில் தானாகவே குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும்.) அதே 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு களப்பில் அதே பாசியைக் கண்டதும் சில நாட்களிலேயே தறப்பாள் போட்டு மூடி, உள்ளே குளோரின் விட்டார்கள். ஆறு வருடம், எழுபது லட்சம் டொலருக்கு மேல் செலவு. 2006இல் முற்றாக ஒழிந்தது என்று அறிவித்தார்கள். எனக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றுதான் தோன்றும்: ஒரு பாய் அளவு இருக்கும்போது பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண் கொழும்பில் இருக்க முடியாது. தினம் கடலில் இறங்குகிற உங்களிடமும் களங்கண்டி ஐயாவிடமும்தான் இருக்க முடியும்.

முல்லைவாத்தியார் எழுதியது:

தங்கச்சி மாணவி எழுதினதை வாசிச்சுப்போட்டு என்ர அனுபவத்தையும் சேர்க்கிறன். நான் முல்லைத்தீவு, கடலோட வளர்ந்தாலும் படிப்பிக்கிறது குளத்தடிப் பள்ளிக்கூடத்தில.

எங்கட வன்னிக் குளங்களில சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் கிடக்கிறதை எல்லாரும் கண்டிருப்பியள். சல்வீனியாவை 1939இல கொழும்பில தாவரவியல் படிப்புக்கெண்டுதான் கொண்டு வந்தவை. தொட்டியில இருந்தது வயலுக்கும் குளத்துக்கும் போட்டுது. ஆகாயத்தாமரைக்கு வெள்ளைக்காரன் 1909இலேயே தனிச் சட்டம் போட்டவன். நூறு வருசத்துக்கு மேலாச்சு. சட்டம் கிடக்கு, தாமரையும் கிடக்கு. மன்னாரில வங்காலைப் பக்கம் சீமை உடைமரமும் (சீமைக்கருவேலம்) அப்பிடித்தான், பறவையள் இறங்கிற வெளியை மூடிக்கொண்டு வருகுது. குளத்தில எண்டால் எங்கட பிள்ளையள் சிரமதானத்துக்கு இறங்கி அள்ளலாம். கடலுக்கடியில ஆர் இறங்கிறது?

இன்னொரு விசயமும் கேக்க வேணும். மாரியில எங்கட கரையில குவியிற சாதாழையையும் சிலர் "அந்நியப் பாசி" எண்டு முகநூலில போடீனம். அது சரியோ?

நெய்தல்மாணவி எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள் சேர். சாதாழை பாசியே இல்லை. வேரும் தண்டும் உள்ள, கடலுக்கடியிலேயே பூக்கிற புல். இந்த மண்ணின் சொந்தச் செடி. அதில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளரும், ஆவுளியா மேய்வதும் அதைத்தான். காற்றுக் காலத்தில் பழைய இலை கழன்று கரையேறும், நம் அப்பு ஆச்சிமார் அதை அள்ளித் தென்னைக்கும் பனைக்கும் தாட்டார்கள். அதைக் குப்பை என்று எரிக்க வேண்டாம்.

இதில் பாசி வளர்ப்புக்கும் ஒரு பாடம் உண்டு. சான்சிபாரில் 1989 முதல் பெண்கள்தான் அதிகம் இந்தப் பாசியையும் இதன் நெருங்கிய இனத்தையும் வளர்க்கிறார்கள். அங்கே சாதாழைத் தரைக்கு மேல் வளர்த்த இடங்களில் புல் நலிந்ததை ஆய்வுகள் காட்டின. நிழல் விழுகிறது, வளர்ப்பவர்கள் மிதிக்கிறார்கள், சிலர் புல்லைப் பிடுங்கியும் விடுகிறார்கள். பாசியில் வரும் காசைக் கணக்குப் போடுகிற நாம், அந்தப் புல்லில் வளராமல் போன நண்டை யாருடைய கணக்கிலும் எழுதுவதில்லை.

களங்கண்டி எழுதியது:

அந்தக் கடைசி வசனத்தை எங்கட கடற்றொழிலாளர் சமாசக் கூட்டத்தில வாசிக்கப் போறன் பிள்ளை.

நோர்வே_வெள்ளாங்குளம் எழுதியது:

இவ்வளவு ஆபத்து எண்டால் ஏன் வளர்க்க வேணும்? முழுசாத் தடை செய்யச் சொல்லி மனுக் குடுப்பம், நான் இங்கயிருந்து கையெழுத்துச் சேர்த்துத் தாறன். ஸ்பெயினில ஆசியாவில இருந்து வந்த ஒரு பழுப்புப் பாசி (ருகுலோப்டெரிக்ஸ் எண்டு பேர்) 2015இல சியூட்டா கரையில இருந்து மட்டும் ஐயாயிரம் தொன்னுக்கு மேல அள்ளினவை. ஜிப்ரால்டர் பக்கத்து மீனவர் வலையை எறிஞ்சால் மீனுக்குப் பதிலா அதுதான் வருகுது. எங்கட சனத்துக்கும் அந்த நிலை வேணுமோ?

இரணைக்கரை எழுதியது:

அண்ணை, உங்கட அக்கறைக்கு நன்றி. மனு குடுக்க முதல் ஒண்டு கேளுங்கோ.

விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சு வைச்சிட்டு நாங்கள் பன்னிரண்டு பொம்பிளையள் இறங்குவம். தண்ணி நெஞ்சளவு வந்தால் திரும்புவம். ஒவ்வொரு கயிறையும் உலுப்பி ஊத்தையைக் கழுவ வேணும். கழுவாட்டில் நுனி வெளுக்கும், ரெண்டு நாளில தண்டு பனிக்கட்டி மாதிரி வெள்ளையாகி முறிஞ்சு விழும். அதுக்குப் பேரே ஐஸ்-ஐஸ் நோய் எண்டு ஒரு ஐயா சொன்னவர். சித்திரையில தண்ணி சுடும்போதும் வரும், மாரியில மண்டைக்கல்லாறும் பாலியாறும் பெருகித் தண்ணி உப்புக் குறையும்போதும் வரும். பத்துக் கிலோ பச்சைப் பாசி காஞ்சால் ஒரு கிலோ. மழை தூறினால் பாயோட தூக்கிக்கொண்டு ஓட வேணும். அந்தக் காஞ்ச ஒரு கிலோவுக்கு விலை சொல்லுறது நாங்களில்லை. ஐஸ்கிறீமுக்கும் பற்பசைக்கும் போடுற பசை எடுக்கிறாங்களாம். அந்த ஐஸ்கிறீம் என்ன விலை போகுதெண்டு எங்களுக்குத் தெரியாது.

இதை விட்டால் எங்களுக்கு என்ன? நுண்கடன்காரன் திரும்ப வருவான். அதால தடை எண்டு ஒரு சொல்லில முடிக்காதேங்கோ.

ஆனால் தங்கச்சி மாணவி எழுதினதை வாசிச்ச நாள் தொட்டு எனக்கு ஒரு குற்ற உணர்வு. கயிறு கழுவேக்க முறியிற துண்டை நாங்கள் எல்லாருமே கடலில விட்டிட்டு வாறனாங்கள். மூண்டு வருசமா. ஒருத்தரும் அது விதை எண்டு சொல்லித் தரேல்லை. கயிறு தந்தவை, விதை தந்தவை, நிறுக்கிற தராசும் கொண்டு வந்தவை, இதை மட்டும் சொல்லேல்லை.

பாம்பன்காரன் எழுதியது:

அக்கா, எங்க அம்மாவுக்கும் யாரும் சொல்லல. தெப்பத்துக்கு அடியில பழைய மீன்வலையை விரிச்சுக் கட்டுங்க. ஓரா கொறிக்கிறதையும் தடுக்கும், உடைஞ்ச துண்டும் அதுல தங்கும். எங்க பக்கம் அப்படித்தான் கட்டுறாங்க. வலைக் கண் சின்னதா இருக்கணும்.

நெய்தல்மாணவி எழுதியது:

வலை நல்ல யோசனை. வாரம் ஒருமுறை அதைக் கவிழ்த்துத் துப்புரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் ஏறித் தெப்பமே அறும். இன்னொன்று அக்கா, உங்கள் தெப்பத்துக்குக் கீழே மணலா, சாதாழையா, கல்லுப்பாரா என்று நீங்களே இறங்கிப் பார்த்து எழுதுங்கள். கடல் நன்றாக இறங்கும் வற்று நாளில் தெற்கே உள்ள பார் வரைக்கும் போய் ஒரு பார்வை பாருங்கள். அந்தப் பாசி பாரில் இருந்தால் உங்களுக்குத்தான் எல்லாருக்கும் முன்னே தெரியும், நிறம் உங்களுக்குப் பழக்கம்.

இரணைக்கரை எழுதியது (பன்னிரண்டு நாளுக்குப் பிறகு):

பதில் எழுதப் பிந்தினதுக்கு மன்னியுங்கோ. அமாவாசை வற்றுக்காகக் காத்திருந்தனான்.

முப்பது தெப்பத்தில பத்தொன்பது மணலுக்கு மேல. ஒன்பது சாதாழைக்கு மேல, கீழே புல் மெலிஞ்சு மஞ்சளாப் போய்க் கிடக்கு, பக்கத்தில திறந்த இடத்தில முழங்கால் உயரம். என்ர கண்ணால அளந்தனான். மற்ற ரெண்டும் பாருக்குக் கிட்ட, இருபது பாகம் (ஒரு பாகம் ஆறடி) கூட இல்லை.

பாருக்குப் போனது நானும் மூத்தவளும் பெரியப்பாவும். அவரே வாறன் எண்டு வந்தவர். முதல் ஒண்டும் காணேல்லை. கல்லு, முள்ளி, எங்கட வழமையான கட்டைக்கோரைப் பாசி. திரும்பி வரப் போகேக்க மூத்தவள் "அம்மா" எண்டு கூப்பிட்டாள். ஒரு முருகைக்கல்லு (பவளக்கல்லு) பொந்துக்குள்ள, என்ர உள்ளங்கை அளவு, பழுப்புப் பச்சை. நான் மூண்டு வருசமா முடிச்சுப் போட்ட அதே பாசி. கிளை ஒவ்வொண்டும் தடிப்பா, பளபளப்பா, என்ர கயிற்றில இருக்கிறதைவிடச் சுகமா நிண்டுது. பிடிச்சு இழுக்க மேல் பாதி வந்துட்டுது. அடி வரேல்லை. பெரியப்பா இடுப்பில இருந்த சூரிக்கத்தியை எடுத்துப் பொந்துக்குள்ள விட்டுச் சுரண்டினார், அரை மணித்தியாலம், தண்ணி நாடிக்கு ஏறும் வரைக்கும். சுரண்டினதை ஒரு துணுக்கும் விடாமல் சாறத்து முடிச்சில கட்டிக்கொண்டு வந்தவர். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில கம்பு நட்டு, சிவப்புச் சீலைத்துண்டு கட்டியிருக்கிறம். அடுத்த வற்றுக்குத் திரும்பப் போவம்.

மற்றது, நாங்கள் பன்னிரண்டு பேரும் கூடிக் கதைச்சது. அந்தப் பதினொரு தெப்பத்தையும் மணலுக்கு மாத்துறம், ஏழு மாத்தியாச்சு. புதுசா முப்பது போடேல்லை. கம்பனிக்காரரிட்ட ரெண்டு கேட்டிருக்கிறம். தெப்பத்துக்கு அடிவலை அவை தரவேணும். உடைஞ்சு கரையொதுங்கிற பாசியையும், வலைக்காரர் பொறுக்கித் தாற பாசியையும், காய வைச்சுக் குடுத்தால் அதே விலைக்கு எடுக்க வேணும். மேலிடத்தில கேட்டுச் சொல்லுறம் எண்டவை. இன்னும் சொல்லேல்லை.

களங்கண்டி ஐயா, உங்கட வலையில சிக்கின தெப்பம் எங்கட கரையில இருந்து வந்ததோ தெரியாது. எண்டாலும் அந்த மூண்டு நாள் பொத்தினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்.

களங்கண்டி எழுதியது:

பிள்ளை, மன்னிப்பு வேண்டாம். உங்கட தெப்பத்துக் கயிறில ஒரு நிறத் துணி கட்டுங்கோ, அறுந்து வந்தால் ஆருடையது எண்டு தெரியும், திருப்பித் தரலாம். என்ர வலையில வாற பாசியை இனிக் கடலில எறியேல்லை, சாக்கில போட்டு வைக்கிறன். இண்டைக்கு அரைச் சாக்கு. கம்பனிக்காரன் எடுக்காட்டிலும் பரவாயில்லை, என்ர தென்னைக்குத் தாழ்க்கிறன்.

அடுத்த வற்றுக்குப் போகேக்க சொல்லுங்கோ. என்னட்ட நீளமான உளி ஒண்டு இருக்கு, முந்திச் சிப்பி எடுக்கப் பாவிச்சது. அந்தப் பொந்துக்குச் சூரிக்கத்தி காணாது.